சிலியத்தை நீக்குவதா, செயலிழக்கச் செய்வதா: செல் இடப்பெயர்ச்சி ஆய்வுக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

விலங்குச் செல்களில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் ஒற்றையாக நீட்டிக்கொண்டிருக்கும் முதன்மைச் சிலியம், அந்தச் செல் எத்திசையில் நகர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கேற்கிறதா என்று ஆராய முற்படுபவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு, சிலியத்தை எந்த வழியில் இல்லாமற் செய்வது என்பதாகும். சிலியத்தை நீக்கிவிட்டு, செல்லின் நகர்வு மாறுகிறதா என்று பார்த்தால் போதும் எனத் தோன்றலாம். ஆனால் சிலியத்தைக் கட்டியெழுப்பும் புரதங்களில் பல, சிலியமே இல்லாத செல்களிலும் வேறு வேலைகளைச் செய்கின்றன. அவ்வேலைகளில் சில நேரடியாகவே இடப்பெயர்ச்சியைச் சார்ந்தவை. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது, கிடைக்கப்போகும் விடையைப் பெருமளவு முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

சிலியத்தின் அமைப்பைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். அதன் விட்டம் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 மைக்ரோமீட்டர் வரையிலும், நீளம் பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையிலும் இருக்கும். செல்லின் நுண்குழல்களை (உட்சட்டமாக அமையும் புரதக் குழாய்களை) ஒழுங்குபடுத்தும் மையமான சென்ட்ரோசோமில் இரு சென்ட்ரியோல்கள் உண்டு; அவற்றுள் மூத்ததான தாய் சென்ட்ரியோல் செல்சவ்வை அடைந்து அடித்தளமாக மாறிய பின், அதிலிருந்து ஒன்பது இரட்டை நுண்குழல்கள் வெளிநோக்கி வளர்கின்றன. நடுவில் இணை நுண்குழல்கள் இல்லாததாலும் துடிப்பை உண்டாக்கும் இயக்கப் புரதங்கள் இல்லாததாலும் இது துடிப்பதில்லை. செல் பிரிவதை நிறுத்தி ஓய்வு நிலைக்குச் செல்லும்போது சிலியம் தோன்றுகிறது. மீண்டும் பிரியத் தொடங்கும்போது கலைக்கப்படுகிறது. சென்ட்ரோசோமோடும் செல் சுழற்சியோடும் உள்ள இந்த இரட்டைப் பிணைப்புதான் பின்னர் பேசப்போகும் சிக்கல்கள் அனைத்துக்கும் வேர்.

சிலியத்துக்கும் நகர்வுக்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயம் புதியதன்று. 1977-இல், தங்கத் துகள்கள் படிந்த கண்ணாடித் தகட்டின்மீது 3டி3 எலிச் செல்களை நகரவிட்டு, அவை துகள்களை வாரிக்கொண்டு போன தடங்களை ஆராய்ந்த ஆல்பிரெக்ட்-பியூலர், சிலியம் பெரும்பாலும் தடத்துக்கு இணையாகவே படுத்திருப்பதைக் கண்டார். சிலியம் திசைகாட்டுகிறதா, அல்லது செல்லின் உள்ளமைப்பு திரும்பும்போது தானும் திரும்புகிறதா என்பதை அந்தக் காட்சியால் மட்டும் சொல்ல இயலாது. அதற்குச் சிலியத்தைத் தொந்தரவு செய்து பார்க்க வேண்டும்.

ஆதரவான சான்றும் எதிரான சான்றும்

இத்துறையில் மிகத் தெளிவான நேர்மறைச் சான்று ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் எனப்படும் இணைப்புத் திசுச் செல்களிலிருந்து வந்தது. பிளேட்லெட் வழி வளர்ச்சிக் காரணியின் (பிடிஜிஎஃப்) ஆல்ஃபா ஏற்பி இச்செல்களில் சிலியத்தின் சவ்வில் குவிகிறது என்பதும், பிடிஜிஎஃப்-ஏஏ என்ற வடிவம் அங்கே அந்த ஏற்பியைத் தூண்டுகிறது என்பதும் 2005-இல் வெளிவந்தன. சிலியத்தைக் கட்டத் தேவையான சரக்குப் போக்குவரத்துப் புரதம் ஒன்றைத் தரும் ஐஎஃப்டி88 மரபணுவில் ஓஆர்பிகே எனப்படும் பிறழ்வு கொண்ட எலிகளின் கருவிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் முறையான சிலியத்தை உண்டாக்குவதில்லை. 2010-இல் வெளியான ஆய்வில் அச்செல்கள் கீறல் சோதனையில் (செல் படலத்தில் ஒரு கோடு கீறி, செல்கள் நகர்ந்து அதை மூடுவதைப் பார்ப்பதில்) நின்று போகவில்லை, மாறாகக் கட்டுப்பாடற்ற வேகத்தோடு ஒருங்கிணைப்பில்லாமல் திசைமாறித் திரிந்தன. பிடிஜிஎஃப்-ஏஏ சேர்த்தும் அவற்றில் மாற்றமில்லை. இயல்பான செல்களோ அக்காரணியின் செறிவுச் சரிவை உணர்ந்து அதை நோக்கி நகர்ந்தன. பீட்டா ஏற்பிக்குச் சிலியம் தேவைப்படாததால், இரண்டு ஏற்பிகளையும் தூண்டவல்ல பிடிஜிஎஃப்-பிபி இங்கே அதே சோதனைக்குள்ளேயே அமைந்த மிக நல்ல ஒப்பாகப் பயன்படுகிறது: ஏஏ வடிவத்துக்கு மட்டும் பதில் இழந்து, பிபி வடிவத்துக்குப் பதில் கொடுக்கும் செல், நகரும் இயந்திரத்தை இழக்கவில்லை, உணரும் உறுப்பைத்தான் இழந்திருக்கிறது என்று வாதிட வழி பிறக்கிறது.

நரம்புச் செல்களிலும் இதுபோன்ற சான்றுகள் உண்டு. கரு மூளையின் அடிப்பகுதியில் பிறந்து புறணியை நோக்கித் தொடுகோட்டுத் திசையில் பயணிக்கும் இடைநியூரான்களில் ஐஎஃப்டி88 அல்லது அதே போக்குவரத்தைச் சேர்ந்த கிஃப்3ஏ நீக்கப்பட்டபோது, அவை நகரும் செல்களின் ஓடையிலிருந்து விலகிப் புறணித் தட்டுக்குத் திரும்புவது குறைந்தது என்று 2012-இல் காட்டப்பட்டது. அதே ஆண்டு, சிலியச் சவ்விலுள்ள ஏஆர்எல்13பி புரதத்தை இழந்த இடைநியூரான்கள் உரிய இடத்தில் அமர்வதில்லை என்பதும் வெளிவந்தது. ஏஆர்எல்13பி மரபணுப் பிறழ்வு மனிதரில் மூளை வளர்ச்சிக் குறைபாடான ஜூபெர் நோய்த்தொகுப்புக்குக் காரணங்களில் ஒன்று என்பதால், இக்கண்டறிதல் மருத்துவத் துறையிலும் கவனம் பெற்றது.

இனி மறுபக்கம். கரு வளர்ச்சியை வழிநடத்தும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை சிலியத்தின் வழியாகவே மரபணுக்களை இயக்குகிறது என்பது முதுகெலும்பிகளில் நிலைபெற்ற உண்மை. அப்படியானால் ஹெட்ஜ்ஹாக்கை நோக்கிய நகர்வுக்கும் சிலியம் தேவைப்பட வேண்டும் என்றே எவரும் ஊகிப்பர். ஆனால் அந்தச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்மூதன்ட் புரதம் சிலியத்துக்கு வெளியே இருந்தபடியே அந்த நகர்வை நடத்துகிறது என்று 2012-இல் காட்டப்பட்டது. ஒரே மூலக்கூறு, ஒரே செல். மரபணு இயக்கத்துக்குச் சிலியம் வேண்டும், நகர்வுக்கு வேண்டாம். ஆக, ஒரு சமிக்ஞைப் பாதை சிலியத்தைச் சார்ந்தது என்பதிலிருந்து, அதைத் தொடரும் இடப்பெயர்ச்சியும் சிலியத்தைச் சார்ந்தது என்று முடிவு கட்ட முடியாது.

இதைவிடக் கூர்மையான எதிர்ச்சான்று சிறுநீரக மேல்தோல் செல்களான எம்டிசிகே செல்களிலிருந்து வந்தது. கிஃப்3ஏ குறித்து 2013-இலும் ஐஎஃப்டி88 குறித்து 2015-இலும் வெளியான இரண்டு ஆய்வுகளும், அப்புரதங்களைக் குறைத்தால் இடப்பெயர்ச்சி கெடுகிறது என்றும், அக்கேட்டுக்குச் சிலியத்தோடு தொடர்பில்லை என்றும் காட்டின. நுண்குழல் ஒழுங்கும் செல் தரையைப் பற்றும் புள்ளிகளும் நேரடியாகப் பாதிக்கப்பட்டதே காரணம். இங்கே கவனிக்க வேண்டியது, ஆதரவான சான்றுகளில் பயன்பட்ட அதே இரண்டு மரபணுக்கள்தாம் எதிரான சான்றிலும் நிற்கின்றன என்பது.

வழிகளை எடைபோடுதல்

மிகவும் மலிவான வழி, செல் வளர்ப்பில் ஊட்டமாகச் சேர்க்கப்படும் இரத்தத் தெளிநீரான சீரத்தை நீக்குவதும் சேர்ப்பதும் ஆகும். வளர்ப்பு ஊடகத்தில் சீரத்தை 24 முதல் 48 மணி நேரம் வரை குறைத்தால் என்ஐஎச்3டி3 (எலி ஃபைப்ரோபிளாஸ்ட்), ஆர்பிஇ1 (மனித விழித்திரை நிறமிச் செல்) போன்ற செல்களில் பெரும்பான்மை சிலியத்தை வளர்த்துக்கொள்ளும். சீரத்தைத் திரும்பச் சேர்த்தால் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் முதல் அலையாகவும், செல் பிரிவதற்கு முன் இரண்டாம் அலையாகவும் சிலியம் கலையும். ஆனால் சீரத்தில் பிடிஜிஎஃப்பும் லைசோபாஸ்பட்டிடிக் அமிலமும் உள்ளன. இரண்டும் ஃபைப்ரோபிளாஸ்ட்டை நகரத் தூண்டுபவை. சிலியத்தை எடுக்கிற அதே கையால் நகர்வுக்கான தூண்டுபொருளையும் ஊற்றிவிட்டு, நகர்வு மாறியதற்குச் சிலியம் காரணமா என்று கேட்பதில் பொருளில்லை. சிலியம் கலையும் வழியும் களங்கமற்றது அன்று. அரோரா ஏ நொதியைத் தூண்டிச் சிலியத்தைக் கலைக்கும் எச்இஎஃப்1 புரதம், செல் தரையைப் பற்றும் புள்ளிகளில் தாங்கியாகவும் வேலை செய்கிறது. ஆகவே சீரம் முறையைச் சிலியத்தை நீக்கும் வழியாக நான் பரிந்துரைக்கமாட்டேன். அதன் உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது. அதைப் பிறகு காண்போம்.

வேதிப்பொருள்கள் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளோரல் ஹைட்ரேட் சிலியத்தை உதிர்க்கும், ஆயினும் அது நுண்குழல்களையும் பாதிக்கிறது. சிலியோபிரெவின் வகை மருந்துகள் சிலியத்துக்குள் பொருள்களைத் திருப்பிக் கொண்டுவரும் மோட்டார் புரதமான டைனீன்-2 என்பதை மட்டுமன்றி, செல்லின் பொது டைனீனையும் தடுக்கின்றன. நகரும் செல்லில் சென்ட்ரோசோமையும் உட்கருவையும் இடம் அமர்த்துவதே அந்தப் பொது டைனீன்தான். பிற துறைகளில் இம்மருந்துகளுக்கு இடம் இருக்கலாம். இடப்பெயர்ச்சி ஆய்வில் இல்லை.

மரபணு வழிக்கு வருவோம். இங்கேதான் தேர்வு கடினமாகிறது, ஏனெனில் சிலியத்தை இல்லாமற் செய்யும் மரபணுக்கள் பல. ஒவ்வொன்றின் பக்கவிளைவும் வேறு.

கிஃப்3ஏ பலருடைய முதல் தேர்வாக இருந்துவருகிறது. சிலியத்தின் நுனியை நோக்கிச் சரக்கு கொண்டு செல்லும் கைனெசின்-2 மோட்டாரின் பகுதி அது. அதை நீக்கினால் சிலியம் நிச்சயமாக இராது. ஆனால் அதே மோட்டார் ஏபிசி என்ற கட்டித் தடுப்புப் புரதத்தை மேல்தோல் செல்களின் முன்னேறும் நீட்சிகளுக்குச் சுமந்து செல்கிறது என்பதும், அது நகர்வுக்குத் தேவை என்பதும் 2002-இலேயே அறியப்பட்டவை. என் மதிப்பீட்டில், இடப்பெயர்ச்சியை அளக்கும் ஆய்வுக்கு மரபணுப் பட்டியலில் மிகவும் தகுதி குறைந்தது கிஃப்3ஏதான். ஏற்கெனவே கையிலிருக்கும் எலி வகையைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இருந்தாலன்றி, புதிதாகத் தொடங்குபவர் அதைத் தேர்வதற்குக் காரணம் இல்லை.

ஐஎஃப்டி88 சற்று மேலானது. அதன் மீதான இலக்கியம் பெரியது, சோதித்துத் தேறிய எதிர்ப்பொருள்களும் பிறழ்வு எலிகளும் உள்ளன, பழைய முடிவுகளோடு நேரடியாக ஒப்பிட முடியும். செல் பிரியும்போது கதிரிழைகளின் திசையமைப்புக்கும் அது தேவை என்று 2011-இல் காட்டப்பட்டது. எனவே நீண்ட நாள் வளர்த்த நாக்அவுட் (மரபணு முற்றும் நீக்கப்பட்ட) செல்களில் வேறு குறைபாடுகள் சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு. எம்டிசிகே எச்சரிக்கையும் நினைவில் இருக்கட்டும்.

அதே போக்குவரத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஐஎஃப்டி20-ஐ ஐஎஃப்டி88-க்கு மாற்றாக எண்ணுவோர் 2018-இல் வெளிவந்த ஒரு முடிவை அறிந்திருக்க வேண்டும். ஐஎஃப்டி20 கோல்கை உறுப்பிலும் இருக்கிறது. அது இல்லாதபோது பிடிஜிஎஃப் ஆல்ஃபா ஏற்பியை அடக்கும் சிபிஎல் புரதங்களின் நிலைத்தன்மை குலைகிறது. விளைவாக, சிலியம் இல்லாத அச்செல்களில் ஏற்பி செல்சவ்வில் இடம் தவறிக் குவிந்து, பிடிஜிஎஃப்-ஏஏ-க்கு மிகையாகத் தூண்டப்படுகிறது. ஐஎஃப்டி88 பிறழ்வில் பதிலே இல்லை. ஐஎஃப்டி20 இழப்பில் பதில் மிகை. இரண்டிலும் சிலியம் இல்லை. ஒரே மரபணுவை நம்பி, சிலியம் இல்லையெனில் இன்னது நிகழும் என்று எழுதுவதன் ஆபத்தை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இச்சரக்குப் போக்குவரத்துப் புரதங்களை விட்டு, சிலியம் தொடங்கும் கட்டத்தையே தடுப்பது அடுத்த வழி. தாய் சென்ட்ரியோலின் நுனிப் பக்கத் துணையுறுப்புகளில் உள்ள சிஇபி83, சிஇபி164 ஆகியவையும், சிஇபி164 அழைத்துவரும் டிடிபிகே2 நொதியும் இல்லாவிடில் சிலியம் தொடங்குவதேயில்லை. போக்குவரத்துப் புரதங்கள் அப்படியே இருப்பதால் நுண்குழல் மீதான மறைமுக விளைவு குறையும் என்பதே இவ்வழியின் கவர்ச்சி. எனினும் டிடிபிகே2 குறித்து ஓர் எச்சரிக்கை வேண்டும்: அது ஈபி1 புரதத்தோடு சேர்ந்து நுண்குழல்களின் வளரும் முனைகளில் அமர்ந்து, கிஃப்2ஏ-வைக் கட்டுப்படுத்தி, நகரும் செல்லின் நுண்குழல் இயக்கத்தைச் சீர்செய்கிறது என்று 2015-இல் அறியப்பட்டது. சிஇபி83-ஐ நீக்கினால் நரம்பு முன்னோடிச் செல்களில் சென்ட்ரோசோம் சவ்வோடு கொண்ட பிணைப்பே அறுகிறது. திசு வளர்ச்சி ஆய்வில் இது பெரிய குறுக்கீடு, தனித்தனியாக நகரும் ஃபைப்ரோபிளாஸ்ட்டில் அவ்வளவாக இல்லை. எனவே வளர்ப்புத் தட்டு ஆய்வுகளுக்குச் சிஇபி164 அல்லது சிஇபி83 என்பதே என் தேர்வு.

இதுவரை கூறியதிலிருந்து பெறப்படுவது, பக்கவிளைவே இல்லாத மரபணு ஒன்றைத் தேடுவது வீண் என்பதுதான். மாறாக, பக்கவிளைவுகள் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு மரபணுக்களைத் தேர்வதே அறிவுடைமை. இருவேறு ஊர்களிலிருந்து வந்த, ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் ஒரே செய்தியைச் சொன்னால் அதற்கு வலிமை கூடுவது போலத்தான் இதுவும். ஐஎஃப்டி88-உம் கிஃப்3ஏ-வும் இரண்டு மரபணுக்கள் என்றாலும், இரண்டும் ஒரே போக்குவரத்து அமைப்பைச் சேர்ந்தவை. இரண்டுமே சிலியத்தைச் சாராமல் நுண்குழல்களைப் பாதிப்பவை. அவ்விரண்டின் ஒற்றுமையைவிட, ஐஎஃப்டி88-உம் சிஇபி164-உம் காட்டும் ஒற்றுமை பன்மடங்கு பயனுள்ளது.

நீக்காமல் செயலிழக்கச் செய்தல்

சிலியத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் சமிக்ஞையை மட்டும் நிறுத்துவது முற்றிலும் வேறான அணுகுமுறை. இதன் மேன்மை, சென்ட்ரோசோமும் அடித்தளமும் தம் இடத்திலேயே இருக்கும் என்பதில் உள்ளது. சிலியம் நீக்கப்பட்ட செல்லில் தாய் சென்ட்ரியோல் சவ்விலிருந்து விடுபட்டு உட்கருவைச் சுற்றி எங்கும் திரியலாம். அப்போது மாறிய நகர்வு சிலிய இழப்பாலா, சென்ட்ரோசோமின் இடமாற்றத்தாலா என்று பிரிக்க முடியாது. சமிக்ஞையை மட்டும் நிறுத்தினால் இக்குழப்பம் எழாது.

இவ்வழியின் மிகச் சிறந்த முன்மாதிரி 2020-இல் நகரும் நியூரான்களில் செய்யப்பட்ட ஆய்வு. அந்நியூரான்களின் சென்ட்ரோசோமில் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு அவ்வப்போது ஒரு செறிந்த புள்ளியாகத் தோன்றி மறைவதை உயிர்ச்செல் படப்பிடிப்பு காட்டியது. சிலியத்தை நீக்கியபோது அப்புள்ளி மறைந்து, உட்கருவின் நகர்வு கெட்டது. சிலியத்தில் அம்மூலக்கூறை உண்டாக்கும் அடினைலேட் சைக்ளேஸ் 3 நொதியைக் குறைத்தபோதும் அதுவே நிகழ்ந்தது. சென்ட்ரோசோமிலிருந்து, அம்மூலக்கூறால் தூண்டப்படும் புரதக் கைனேஸ் ஏ நொதியை விலக்கியபோதும் அதே குறைபாடு தோன்றியது. உறுப்பு, அதன் நொதி, அந்நொதியின் சமிக்ஞையைப் பெறும் கைனேஸ் என மூன்று படிகளில் தட்டிப் பார்த்து, மூன்றிலும் ஒரே ஒலி கேட்டதால்தான் அம்முடிவு ஏற்கத்தக்கதாகிறது. சிலியத்தை மட்டும் நீக்கி நிறுத்தியிருந்தால் அதற்கு இவ்வளவு மதிப்பு இருந்திராது.

ஏஆர்எல்13பி இவ்வகையில் பலர் நாடும் இலக்கு. ஆனால் அதை முழுமையாக நீக்குவது நல்ல வழியன்று. அப்புரதம் சிலியத்துக்கு வெளியேயும் செயல்படுகிறது: ஹெட்ஜ்ஹாக் வழிகாட்டும் நரம்பிழை நகர்வில் அது சிலியத்துக்கு வெளியிலிருந்தே பணியாற்றுகிறது என்று 2019-இலும், சிலியத்தில் இடம்பெறாத வகையில் ஒரேயொரு அமினோ அமிலம் மாற்றப்பட்ட வடிவம் எலிகளில் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை இயல்பாகவே நடத்துகிறது என்று 2020-இலும் காட்டப்பட்டன. 358-ஆம் இடத்தில் வேலின் அலனினாக மாறிய அந்த வடிவமே இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிக நேர்த்தியான கருவிகளில் ஒன்று. முற்றும் நீக்கப்பட்ட செல்லில் இயல்பான வடிவத்தையும் இந்த மாற்று வடிவத்தையும் தனித்தனியே திருப்பிச் சேர்த்து, எது நகர்வை மீட்கிறது என்று பார்த்தால், புரதத்தின் பங்கும் அது இருக்கும் இடத்தின் பங்கும் பிரிந்துவிடும். மாற்று வடிவமும் மீட்டுத் தந்தால், ஏஆர்எல்13பி நகர்வுக்கு வேண்டும், ஆனால் சிலியத்தில் வேண்டியதில்லை என்றாகும்.

சிலியக் கோளாறான பார்டெட்-பீடல் நோய்த்தொகுப்போடு தொடர்புடைய புரதங்களை இதே வகையில் பயன்படுத்த நினைப்பவருக்கு ஒரு சொல்: அவற்றை இழந்த செல்களில் ரோஏ என்ற ஒழுங்குபடுத்தும் புரதத்தின் அளவு உயர்ந்து, செல்லை நகர்த்தும் ஆக்டின் இழைகளின் அமைப்பே மாறுகிறது. ஆக்டினைத் தொடும் எந்த வழியும் இடப்பெயர்ச்சிக் கேள்விக்கு இடைஞ்சலே.

எவ்வளவு விரைவாக நீக்குவது

எந்த மரபணு என்பதற்கு அடுத்த முடிவு, எந்த வேகத்தில் என்பது. எஸ்ஐ ஆர்என்ஏ (மரபணுவின் தூது ஆர்என்ஏவை அழிக்கும் குறு ஆர்என்ஏ) வழியாக 48 முதல் 72 மணி நேரத்தில் புரதத்தைக் குறைப்பது எளிது. ஆனால் தட்டில் சிலியம் உள்ள செல்களும் இல்லாத செல்களும் கலந்தே இருக்கும். இதைக் குறையாக மட்டும் கருதத் தேவையில்லை. ஒரே தட்டில், ஒரே ஊடகத்தில், அடுத்தடுத்து நகரும் இருவகைச் செல்களையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து ஒப்பிட முடிந்தால் அதைவிட நல்ல ஒப்புக் குழு கிடையாது. சராசரியை மட்டும் அளப்பவர்களுக்குத்தான் கலவை ஒரு தொல்லை.

டிஎன்ஏவை வெட்டி மரபணுவை நீக்கும் கிரிஸ்பர் நாக்அவுட் முழுமையானது. அதன் விலை, ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த குலங்கள் பல வாரங்களில் தம்மைத் தகவமைத்துக்கொள்வதுதான். குறிப்பாக ஆர்பிஇ1 செல்களில், டிஎன்ஏ சேதமுற்ற செல்லின் பிரிவை நிறுத்தும் பி53 புரதத்தின் காவல் முறையாக வேலை செய்வதால், டிஎன்ஏ வெட்டே அக்காவலைத் தூண்டுகிறது என்பதும், தப்பிப் பிழைக்கும் குலங்களில் பி53 பழுதானவை மிகுந்திருக்கலாம் என்பதும் 2018-இல் வெளியாயின. ஒரு மரபணுவுக்குக் குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று தனிக்குலங்கள் வேண்டும். இயல்பு மரபணுவைத் திருப்பிச் சேர்த்த மீட்புக் குலமும் வேண்டும். மீட்புச் சோதனை இல்லாத நாக்அவுட் முடிவை நான் பொருட்படுத்துவதில்லை.

ஆக்சின் என்ற தாவர ஹார்மோனைச் சேர்த்து, அடையாளமிட்ட புரதத்தை விரைவாகச் சிதைக்கும் முறை தகவமைப்புக்கு நேரம் தராது. ஆனால் புரதம் சிதைந்ததும் சிலியம் உடனே மறைந்துவிடாது. ஏற்கெனவே கட்டப்பட்ட சிலியம் சுருங்க மேலும் நேரம் பிடிக்கும். இந்த இடைவெளி ஒரு வாய்ப்பு. புரதம் போய், சிலியம் இன்னும் எஞ்சியிருக்கும் வேளையிலேயே நகர்வு கெட்டுவிட்டால், அக்கேடு சிலியத்தைச் சார்ந்ததன்று.

செல்லும் சோதனையும்

எம்டிசிகே போன்ற மேல்தோல் செல்கள் நெருங்கி அடர்ந்து நிற்கும்போது மேற்புறத்தில் சிலியத்தை வளர்க்கின்றன. அது செங்குத்தாக மேல்நோக்கி நிற்கும், முன்னோக்கிச் சாய்வதற்கு இடமில்லை. அவற்றில் கிடைத்த எதிர்மறை முடிவைக் கொண்டு ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கும் சிலியம் வேண்டாம் என்று சொல்வது பொருந்தாது. இரு தரப்பினரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசியது ஓரளவு வெவ்வேறு பொருள்களைப் பற்றியதே. ஆர்பிஇ1 மரபணு வேலைக்கு மிகவும் உகந்தது, ஆயினும் அதன் சிலியத்தின் பெரும்பகுதி செல்சவ்வின் ஆழ்ந்த பைக்குள் புதைந்திருப்பதால் வெளியே உள்ள செறிவுச் சரிவை உணர்வதற்கான நல்ல மாதிரி அன்று. திசை உணர்வைப் பற்றிய கேள்விக்கு என்ஐஎச்3டி3 செல்களோ எலிக் கரு ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளோ தகும்.

சோதனைகளில் கீறல் சோதனை பரவலானது. அடர்ந்த செல் படலத்தில் பிப்பெட் நுனியால் ஒரு கோடு இழுத்து, இடைவெளி மூடுவதைப் பார்ப்பது. செல்களை நிலைநிறுத்தி, சிலியத்தைக் காட்டும் அசெட்டைல் ஏறிய டியூபுலினைப் பச்சையாகவும் சென்ட்ரியோல்களைக் காட்டும் காமா டியூபுலினைச் சிவப்பாகவும் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், விளிம்பு வரிசைச் செல் ஒவ்வொன்றிலும் உட்கருவுக்கு முன்னால் இரு சிவப்புப் புள்ளிகளும், அவற்றுள் ஒன்றிலிருந்து கீறலை நோக்கிக் கிளம்பும் சில மைக்ரோமீட்டர் நீளப் பச்சைக் கோடும் தெரியும். அக்கோட்டின் அடியிலிருந்து நுனிக்கு ஒரு கோடு வரைந்து, கீறல் விளிம்பின் செங்குத்தோடு அது எடுக்கும் கோணத்தை அளக்கலாம். கீறலிலிருந்து மூன்று நான்கு வரிசை உள்ளே போனால் கோணங்கள் சிதறுவதையும் காணலாம்.

ஆனால் மூடும் வேகம் என்ற ஒற்றை எண், இக்கேள்விக்கு ஏறக்குறையப் பயனற்றது. ஓஆர்பிகே செல்கள் விரைவாகவும் தாறுமாறாகவும் நகர்ந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்: வேகம் கூடுவதும் திசை குலைவதும் ஒன்றையொன்று ஈடுசெய்து, இடைவெளி இயல்பான நேரத்தில் மூடிவிடக்கூடும். தனிச்செல் பாதைகளைப் பதிவுசெய்து, நிகர இடப்பெயர்வை மொத்தப் பாதை நீளத்தால் வகுத்துத் திசை நிலைப்பைக் கணக்கிட வேண்டும். துளையிட்ட சவ்வால் மேல், கீழ் என இரு பகுதியாகப் பிரித்த பாய்டன் அறைச் சோதனையும் இதே குறை உடையது; 8 மைக்ரோமீட்டர் துளைகளைக் கடந்த செல்களை எண்ணுவதால் வெறும் துள்ளலையும் திசையறிந்த நகர்வையும் அது பிரிப்பதில்லை, சவ்வின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் காரணியின் அளவை மாற்றி மாற்றிச் செய்தாலன்றி. டன் அறை என்ற நுண்ணோக்கி அறையோ நுண்பாய்ம அறையோ நிலையான செறிவுச் சரிவைத் தருவதோடு பாதைகளையும் காட்டுவதால், ஆகும் உழைப்புக்குத் தகுந்தவை.

உயிருள்ள செல்லில் சிலியத்தைக் காண ஒளிரும் ஏஆர்எல்13பி-யை மிகையாக வெளிப்படுத்துவது வழக்கம். அது சிலியத்தையே நீளச் செய்யும். வெளிப்பாட்டைத் தாழ்வாக வைப்பது, அல்லது மரபணுவின் சொந்த இடத்திலேயே அடையாளத்தைச் சேர்ப்பது நல்லது.

தேர்வு

நேரமும் பொருளும் குறைவாக உள்ள குழு, எலிக் கரு ஃபைப்ரோபிளாஸ்ட்டில் ஐஎஃப்டி88-க்கும் சிஇபி164-க்கும் எஸ்ஐ ஆர்என்ஏ கொண்டு, பிடிஜிஎஃப்-ஏஏ, பிடிஜிஎஃப்-பிபி இரண்டையும் வைத்து, தனிச்செல் பாதைகளை அளப்பதோடு தொடங்கலாம். முன்பு ஒதுக்கிவைத்த சீரம் இங்கேதான் கைகொடுக்கிறது: சீரம் நிறைந்த, சிலியம் ஏறத்தாழ இல்லாத அதே செல்களிலும் அதே மரபணுக்களைக் குறைத்துப் பார்க்க வேண்டும். சிலியம் இல்லாத நிலையிலும் ஐஎஃப்டி88 குறைப்பு நகர்வைக் கெடுத்தால், அக்கேட்டின் அளவை மொத்த விளைவிலிருந்து கழித்தே மீதியைச் சிலியத்துக்கு வரவு வைக்கலாம். இந்தக் கட்டுப்பாட்டுக்குச் செலவு மிகச் சொற்பம். அதை விட்டுவிடும் ஆய்வுகள் ஏராளம் என்பது வியப்பளிக்கிறது.

மூளைத் திசுவில் பணியாற்றுபவர்களுக்குச் சீரக் கட்டுப்பாடு கிட்டாது. அவர்கள் சிலியத்தை நீக்கும் ஒரு வழியையும், அடினைலேட் சைக்ளேஸ் 3 போன்ற சிலிய நொதியைக் குறைக்கும் ஒரு வழியையும் சேர்த்துக்கொள்வதே சரி. குறிப்பாக, நகரும் நியூரானில் சிலியம் எப்போதும் இருப்பதில்லை, தோன்றி மறையும் என்பதால், நிலைநிறுத்திய திசுவில் சிலியம் உள்ள செல்களின் விழுக்காட்டை எண்ணுவது அவர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

வசதியுள்ள குழு இன்னொன்றுக்கும் செலவிட வேண்டும் என்பேன். சிலியம் இல்லாத ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளில், சீரத்தைக் குறைத்தும் பிடிஜிஎஃப் ஆல்ஃபா ஏற்பியின் அளவு இயல்பான செல்களில் உயர்வது போல உயர்வதில்லை. அப்படியானால் அவை பிடிஜிஎஃப்-ஏஏ-க்குப் பதிலளிக்காததற்கு, ஏற்பி சிலியத்தில் இல்லாதது காரணமா, ஏற்பியே போதிய அளவு இல்லாதது காரணமா? ஏற்பியின் மரபணுவை வேறொரு இயக்குப் பகுதியின் (புரோமோட்டரின்) கீழ் சேர்த்து, ஏற்பியின் மொத்த அளவை இயல்பான செல்லுக்கு இணையாக்கிய பின், சிஇபி164 இல்லாத செல்லைச் செறிவுச் சரிவில் விட்டுப் பார்க்க வேண்டும். அச்செல் ஏற்பி நிறைந்தும் திசை தெரியாமல் திரிந்தால் சிலியம் என்ற இடத்துக்கே மதிப்பு. காரணியை நோக்கி நேராகச் சென்றால், சிலியத்தின் பங்கு ஏற்பியின் உற்பத்தியைக் கூட்டுவதோடு முடிந்துவிடுகிறது.